பயணச் செலவுக் கணக்கு

மேலூர்.

அன்பு மகள் பூங்கொடிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ பேசி நாற்பது நாட்கள் ஆகின்றன. குறையாகச் சொல்லவில்லை, வேலை இருக்கும்.

2024 மாசியில், மக்கள் இயக்கங்கள் கூடும் உலக சமூக மன்றத்தின் காத்மாண்டு மாநாட்டுக்குப் போய் வந்து நீ கொடுத்த தாள்களை இப்போதுதான் முழுவதும் படித்தேன். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் பேரேடு எழுதியவன் ஆகையால், எந்தக் கூட்டமானாலும் செலவு யாருடையது என்பதில்தான் என் கண் போய் நிற்கிறது. 2001 ஜனவரியில், சுவிட்சர்லாந்தின் டாவோஸில் செல்வந்தர்கள் கூடிய அதே நாட்களில், பிரேசிலின் போர்டோ அலெக்ரேயில் உலக சமூக மன்றம் முதன்முறையாகக் கூடியபோது, அந்நகராட்சியும் மாநில அரசும் தொழிலாளர் கட்சியின் கையில் இருந்ததால் உதவிக்குக் குறைவில்லை. அன்று ஆயிரக்கணக்கில் வந்தவர்கள், 2005இல் அதே ஊரில் 1,50,000 பேருக்கும் மேல் ஆகிவிட்டார்கள். இத்தனை பேர் கூடியும் எல்லோர் பெயராலும் ஒரு தீர்மானம் போடக் கூடாது என்று சாசனத்திலேயே எழுதி வைத்திருப்பதுதான் எனக்கு விளங்கவில்லை. தீர்மானப் புத்தகம் இல்லாத பேரவைக் கூட்டத்தை நான் கண்டதில்லை.

2007இல் நைரோபியில் கூடியபோது, அந்நகரத்துக் குடிசைப் பகுதி மக்களே நுழைவுக் கட்டணம் கட்ட இயலாமல் வாயிலில் நின்று போராட நேர்ந்தது என்பதைப் படித்து மனம் கசந்தேன். அதற்கு மூன்றாண்டு முன்பு மும்பையில் நடத்தியவர்களோ, அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளையின் பணம் வேண்டாம் என்று முடிவெடுத்துக் கூட்டத்தை நடத்திக் காட்டினார்கள். மெச்சத்தக்கதுதான். ஆனால் வேண்டாம் என்று சொல்பவரின் வீட்டு அடுப்பு எப்படி எரிகிறது என்பதை எந்தத் தாளிலும் காணோம்.

வெளிநாட்டுப் பணம் பெறும் உரிமம் ரத்தான அமைப்புகளைப் பற்றி நாளிதழில் வரும்போதெல்லாம், உங்கள் அலுவலகத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இல்லை. ஆகவே நான் எதுவும் கேட்கவில்லை. அத்தை மகன் திருச்சியில் உன்னைப் பார்த்துவிட்டு வந்து ஏதோ சொன்னான், அதை விடு. மூன்று மாதச் செலவுக்காவது கையில் பணம் வைத்துக்கொள். வாடகைக்கு ரசீது வாங்கிக்கொள்.

காத்மாண்டு வரை போன நீ, 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டிக்கு வரவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று நம் பக்கத்து ஊர்கள் அனைத்தும் மதுரை தல்லாகுளம் வரை நடந்தன. அந்த மாதம் 23ஆம் தேதியே ஏலம் ரத்தானது. உன் வேலை என்னவென்று கேட்பவர்களிடம், இப்படிப்பட்ட ஊர்களை ஒன்றோடொன்று பேச வைப்பது என்று இப்போது தயங்காமல் சொல்கிறேன். பேருந்துக் கட்டணம் இல்லாமல்தான் வரவில்லையோ என்று அம்மாவிடம் ஒருமுறை சொல்லிவிட்டேன். அவள் பதில் பேசவில்லை.

அவளும் அன்று நடந்தாள், அந்த முழங்கால் வலியோடு. சாலையோரம் நின்று அவளைப் பார்த்தபோது ஒன்று நினைவுக்கு வந்து, அன்றிலிருந்து சரியாக உறக்கமில்லை. 2004இல் பொங்கல் நேரத்தில் மும்பைக் கூட்டத்துக்கு நம் ஊரிலிருந்து ஐந்து பெண்கள் போவதென்று முடிவாகி, அம்மாவின் பயணத்துக்கென வீடுவீடாக வசூலித்த 540 ரூபாயை, சங்கச் செயலாளர் வீடு என்ற நம்பிக்கையில் என்னிடம் கொடுத்திருந்தார்கள். செயலாளர் மனைவி மும்பைத் தெருவில் கோஷம் போட்டாள் என்று நாலு பேர் பேசுவார்களே என்று கூசி, ரயிலில் இடம் கிடைக்கவில்லை என்று அவளிடம் பொய் சொன்னேன். மற்ற நால்வரும் முன்பதிவில்லாத பெட்டியில் நின்றுகொண்டே போய் வந்தார்கள். அந்தப் பணம் என் பீரோவில் கிடந்து, பிறகு வீட்டுச் செலவில் கரைந்தது. திருப்பிக் கொடுத்ததாக ஊரில் சொல்லி வைத்தேன். பிறர் கணக்கில் பத்துப் பைசா விடாமல் பிடித்தவன் நான்.

இதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீ வந்தால், நீ பக்கத்தில் இருக்கும்போது சொல்லலாம் என்று இருக்கிறேன்.

உன் வங்கிக் கணக்கில் நேற்று இருபதாயிரம் செலுத்தியிருக்கிறேன். சம்பளம் ஒழுங்காக வருகிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பாதே. அதில் 540 ரூபாய் என்னுடையது அல்ல.

இப்படிக்கு,
அப்பா