மலையகத்துக் குளிரில் செடித் தொட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வீட்டு மீன்தொட்டிகளைப் பற்றி வந்த பக்கத்தை வாசித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் செடி வளர்க்கும் பெரிய தொட்டி என்றால் காபனீரொட்சைட்டு சிலிண்டர், விலைகூடிய விளக்கு, கிழமைக்கொரு தடவை வெட்டிச் சீராக்கும் வேலை எல்லாம் கட்டாயம் என்றும், நுவரெலியா, ஹட்டன் பக்கத்துக் குளிருக்கு அது சரிவராது என்றும் எழுதியிருந்ததை அப்படியே விட மனம் வரவில்லை. நான் ஹட்டனுக்குப் பக்கத்தில் நோர்வூட்டில் இருக்கிறேன். எங்கள் முன்னறையில் ஐந்தடி நீளத் தொட்டி ஒன்று ஆறு வருடமாக இருக்கிறது. அதற்கு சிலிண்டரும் இல்லை, ஹீட்டரும் இல்லை.

எல்லாம் எந்தச் செடியை வைக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. மளமளவென்று வளரும் தண்டுச் செடிகளுக்கு வெளிச்சமும் வாயுவும் உரமும் ஓயாமல் கொடுக்கவேண்டும், ஒரு கிழமை தவறினால் பாசி ஏறிவிடும். மெதுவாக வளரும் செடிகள் அப்படியில்லை. அதிலும் கிரிப்டோகோரைன் என்று ஒரு செடிக் கூட்டம் இருக்கிறதே, அதன் பல இனங்கள் நம் தீவின் ஓடைகளைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லை. வென்டி, பெக்கெட்டி, வாக்கரி, பார்வா என்று உலகம் முழுக்க மீன்கடைகளில் விற்பது நம் மரநிழல் ஓடைகளில் பிறந்த செடிகள். இன்னொரு இனத்துக்கு, 19ஆம் நூற்றாண்டில் பேராதனைப் பூங்காவை நடத்திய த்வைட்ஸின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அந்தச் செடிகளைப் பற்றி அந்த முழுப் பக்கத்திலும் ஒரு வரிகூட இல்லை.

சரி, தொட்டி விஷயத்துக்கு வருகிறேன். ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் 560 லீற்றருக்கு மேல் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே அரை டன்னுக்கு மேல். மேல்மாடியில், பலகைத் தரையில் வைக்கவே வேண்டாம். நிலத்தில் போட்ட சீமெந்துத் தரையில், மட்டம் பார்த்து, இரும்பு ஸ்டாண்டில் வையுங்கள்.

முதலில் தேடவேண்டியது கட்டை, செடி அப்புறம். எங்கள் ஊரில் கட்டைக்குப் பஞ்சமே இல்லை. பழைய விதைத் தேயிலையைப் பிடுங்கி மீள்நடுகை செய்யும் மலைகளில், கவ்வாத்து வெட்டிய இடமெல்லாம் முடிச்சு முடிச்சாகத் தடித்து, வேரெல்லாம் முறுக்கிக்கொண்டு அவ்வளவு அழகான கட்டைகள் கிடக்கும். நானும் ஆசைப்பட்டு, கேட்டு வாங்கிய புதுக் கட்டையை இரண்டு நாள் ஊறவைத்துவிட்டுத் தொட்டிக்குள் இறக்கினேன். மூன்றாம் நாள் பட்டை வழுவழுவென்று உரிய ஆரம்பித்தது, தண்ணீர் கஞ்சி மாதிரி கலங்கியது, நாலாம் நாள் காலையில் ஐந்து மீன்கள் மிதந்தன. ஈரமரம் தண்ணீரில் அழுகும்போது அங்குள்ள ஒட்சிசனைத் தின்றுவிடும். போதாததற்குத் தோட்டத்து மண்ணில் களைநாசினியும் இருக்கலாம். அவசரப்பட்டது என் பிழை, அந்த மீன்களை நினைத்தால் இன்றைக்கும் கஷ்டமாக இருக்கிறது.

இப்போது இருக்கும் கட்டை, எங்கள் தண்ணீர்ப் பீலிக்குக் கீழே ஏழெட்டு வருடம் நனைந்தும் காய்ந்தும் கிடந்தது. பட்டை துளியும் இல்லை, நகத்தால் அழுத்தினால் அமுங்கவில்லை. அதுதான் பதம். அதையும் பீப்பாய்த் தண்ணீரில் போட்டு மேலே கல் வைத்து இரண்டு மாதம் ஊறவைத்தேன், இல்லாவிட்டால் தொட்டிக்குள் மிதக்கும். தண்ணீர் சாயத்தண்ணி நிறத்துக்கு மாறும். பயப்பட ஒன்றுமில்லை, தேயிலையில் துவர்ப்பது மாதிரியான டானின் சத்துத்தான். இரண்டு நாளைக்கொரு தடவை தண்ணீரை மாற்றினால் வரவர வெளிறிவிடும். தொட்டிக்குள் வைத்த முதல் மாதம் கட்டையில் சளி மாதிரி வெள்ளையாக ஒன்று படரும், அதுவும் தானாகப் போய்விடும், அவசரமென்றால் பழைய பல் பிரஷால் தேய்த்துவிடுங்கள்.

கட்டையை எங்கே வைப்பது என்பதை ஓடையைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். மழைவெள்ளம் கொண்டுவந்து போட்ட கட்டை நடுவில் நிமிர்ந்து நிற்காது, ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். தண்ணீர் மோதும் பக்கம் மணல் குழிந்தும், மறுபக்கம் மணல் மேடாகச் சேர்ந்தும் இருக்கும். அதையே தொட்டியில் செய்தேன். இடது மூன்றில் ஒரு பங்கில் கட்டை, வேர்களெல்லாம் வலது பக்கம் நீண்டிருக்க, முன்னால் இரண்டு அங்குல மணல், பின்னால் ஐந்தாறு அங்குலம். வலது மூலையில் வெறும் மணல், அங்கே ஒரு செடிகூட நடவில்லை. அந்த வெற்றிடத்தால்தான் தொட்டி இன்னும் பெரிதாகத் தெரிகிறது. மணலில் கொஞ்சம் வினாகிரி விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம், அது நம் மென்மையான மலைத் தண்ணீரைக் கடினமாக்கிவிடும்.

கட்டையடியில் பழுப்பு இலை வென்டி, முன்வரிசையில் பார்வா. பார்வா இரண்டு அங்குலத்துக்குக் கிட்டத்தான் வளரும், அதற்கே மாதக்கணக்கில் எடுக்கும். கட்டையின் மேல் மேற்கு ஆபிரிக்காவின் அனுபியாஸும் ஜாவா பர்னும் கட்டினேன். இந்த இரண்டின் கிழங்கு மாதிரியான தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும், கறுப்பு நூலால் கட்டையோடு கட்டவேண்டும், நூல் இற்றுப்போவதற்குள் வேர் பிடித்துக்கொள்ளும். வெளிச்சம் ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம், அதற்கு மேல் வேண்டாம்.

கிரிப்டோகோரைன் வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்திருக்கவேண்டும். இடம் மாற்றி நட்டால் இலையெல்லாம் கூழாகிக் கரையும். எனக்கும் நாலு நாளில் ஒரு இலைகூட மிஞ்சவில்லை, செத்துப்போனது என்று பிடுங்கப் போனேன், விரலில் வேர் இறுக்கமாகப் பிடித்திருந்தது. விட்டுவிட்டேன். மூன்று கிழமை கழித்து மணலுக்குள்ளிருந்து ஊசி மாதிரி சுருண்ட செம்பழுப்பு இலை ஒன்று வந்தது. இன்றைக்கு அந்த ஒரு செடியின் குட்டிகள் கட்டையின் அடி முழுக்க நிற்கின்றன.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போதும் இந்தத் தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. இருந்தது பத்து செர்ரி பார்ப் மட்டும், அதுவும் நம் தென்மேற்கு ஓடைகளின் மீன்தான். ஜனவரி இரவில் தண்ணீர் 18 பாகைக்கு இறங்கினாலும் செடிகள் கொஞ்சம் தயங்கி நிற்கும், அவ்வளவுதான். நுவரெலியா டவுனில் இன்னும் குளிர், அங்கே சீனத்து மலை ஓடை மீனான வைட் கிளவுட் மினோ பொருத்தம்.

தயவுசெய்து யாரும் ஓடையில் இறங்கிச் செடி பிடுங்காதீர்கள். கடையில் வளர்த்து விற்பதில் இரண்டு வாங்கினாலே போதும், அதுவே குட்டி போடும். அதேபோல் தொட்டியில் மிஞ்சியதை வடிகானில் கொட்டவும் வேண்டாம். எங்கள் பக்கத்து ஓடை காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகிறது, அங்கிருந்து களனி கங்கைக்கு. ஆகாயத்தாமரை (வாட்டர் ஹயசின்த்) 1905இல் அழகுக்கென்று வந்த செடி, இன்றுவரை நம் குளங்களை விட்டுப் போகவில்லை. நம் பெக்கெட்டியும் அமெரிக்காவின் டெக்சாஸில் சான் மார்க்கோஸ் ஆற்றுக்குள் போய்ப் பரவி, அங்குள்ள அரிய காட்டு நெல் ஒன்றுக்கு ஆபத்தாகி, அதைத் தோண்டி எடுக்கவேண்டி வந்தது. யாரோ தொட்டியைக் காலிசெய்து ஆற்றில் விட்டதுதான் காரணமாக இருக்கவேண்டும். நான் கழிக்கும் இலைகளை வெயிலில் நன்றாகக் காயவைத்து லீக்ஸ் பாத்தியில் போட்டுவிடுகிறேன்.

இன்னொன்று. தமிழ்நாட்டு நாட்டுமருந்துக் கடைகளில் 'நாட்டு அதிவிடயம்' என்று விற்கும் வேர், இதே கிரிப்டோகோரைன் பேரினத்தைச் சேர்ந்த இந்தியச் செடியுடையது. ஆக இந்தச் செடிக்குத் தமிழில் பெயரும் இருக்கிறது. அடுத்த தடவை மீன்தொட்டிப் பக்கம் போடும்போது, அந்தப் பெயரோடு நம் தீவுச் செடிகளில் இரண்டு மூன்றின் படத்தையும் சேர்த்துப் போடுங்கள் ஐயா. இங்கே பிள்ளைகள் வெட்டி ஒட்டி வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நோர்வூட்.