ஹெலிகாப்டரில் சூரியன் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரச் சிறுவர் பகுதியில் ஹெலிகாப்டர் என்ற சொல்லை ‘ஹெலி’, ‘காப்டர்’ என இரண்டாக வெட்டி, ஹெலி என்றால் கிரேக்கத்தில் சூரியன் என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். என் பேரன் அதைப் படித்துவிட்டு, “அப்ப ஹெலிகாப்டர் சூரியனுக்குப் போகுமா தாத்தா?” என்றான். அதனால்தான் இந்தக் கடிதம்.

சூரியன் இருப்பது ஹீலியத்தில். ஹீலியோஸ் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அந்த வாயு கண்டறியப்பட்ட கதை தொடங்குவதே 1868 ஆகஸ்டு 18 முழுச் சூரிய கிரகணத்தில்தான். அதைப் பார்க்க பிரெஞ்சு வானியலாளர் ழான்சன் வந்து இறங்கிய ஊர், அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூர்.

ஹெலிகாப்டர் வேறு வீட்டுப் பிள்ளை. 1861-இல் பொந்தோன் தாமெகூர் என்ற பிரெஞ்சுக்காரர் கட்டிய சொல். ஹெலிக்ஸ் என்றால் சுருள், ப்டெரான் என்றால் சிறகு. ஆக, வெட்ட வேண்டிய இடம் ‘ஹெலிகோ’வுக்கும் ‘ப்டெர்’க்கும் நடுவில்.

முப்பத்தொரு வருஷம் விலங்கியல் நடத்தியவன் நான். ஈ, கொசுவுக்கு டிப்டெரா (இரு சிறகு), வண்டுக்குக் கோலியாப்டெரா (உறைச் சிறகு), பட்டாம்பூச்சிக்கு லெபிடாப்டெரா (செதில் சிறகு), வௌவாலுக்குக் கைராப்டெரா (கைச் சிறகு) என்று கரும்பலகையில் எழுதி, பொதுவாக வரும் ‘ப்டெரா’வை மட்டும் சிவப்புச் சாக்பீஸால் அடிக்கோடிடுவேன். ஒரு வருஷம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, “சார், அப்ப ஹெலிகாப்டரும் பூச்சியா?” என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்கோ அன்று முழுக்கச் சந்தோஷம். பாடப்புத்தகத்தில் இல்லாததை அவளாகவே பிடித்துவிட்டாளே!

உங்கள் பகுதியைத் தயாரித்தவர் சறுக்கியது அசையில். ஆங்கிலேயர் நாக்குக்கு ப்-வும் ட்-டும் சேர்ந்து சொல்லின் முதலில் வராது. டெரோடாக்டில் என்ற பறக்கும் ஊர்வனவின் பெயரில் முதல் ‘பி’யை எழுதுவார்கள், சொல்லமாட்டார்கள். ஹெலிகாப்டரில் முன்னால் ஓர் உயிர் ஒலி இருப்பதால் அந்தப் ‘பி’ பிழைத்தது. ஆனால் முந்தைய அசையோடு போய் ஒட்டிக்கொண்டது: ஹெ-லி-காப்-டர். கிரேக்கர்கள் இன்றும் எ-லி-கோ-ப்தெ-ரோ என்றே அசை பிரிக்கிறார்கள், சிறகு முறியவில்லை.

நமக்கு இது புதிதல்ல. ‘கற்றதனால் ஆய’ என்பதைச் சீர் பிரிக்கும்போது ‘கற்றதனா லாய’ என்று லகரம் அடுத்த சீருக்குத் தாவுகிறது. வகையுளி என்று இதற்குப் பெயரே உண்டு. அதற்காக ‘லாய’ என்ற சொல்லுக்கு யாரும் பொருள் தேடுவதில்லை. ஆங்கிலத்தில் தேடிவிட்டார்கள் என்பதுதான் வேடிக்கை! ஹெலிபேட் ஒரு பாதியிலிருந்தும், நாலு விசிறி ட்ரோனுக்கான குவாட்காப்டர் இன்னொரு பாதியிலிருந்தும் பிறந்தவை. பிறந்தவற்றைக் குறை சொல்ல மாட்டேன், வேர் என்று காட்டும்போது மட்டும் உண்மை வேரைக் காட்டுங்கள்.

வயிற்றுப்புண் மருத்துவர்கள் சொல்லும் ஹெலிகோபாக்டரையும் பக்கத்தில் போட்டிருந்தால் பிள்ளைகளுக்கு உடனே விளங்கியிருக்கும். அதிலும் அதே சுருள். அந்தக் கிருமியின் உடம்பே திருகித்தான் இருக்கும்.

ஒரு வேண்டுகோள். பேரன் உங்கள் கட்டத்தைக் கத்தரித்து ஆங்கில நோட்டின் உள்ளட்டையில் ஒட்டிவைத்திருக்கிறான். பசை காய்ந்துவிட்டது, கிழித்தால் அட்டையும் சேர்ந்து வரும். திருத்தத்தை அதே அளவுக் கட்டத்தில் வெளியிட்டால் மேலேயே ஒட்டிவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
கும்பகோணம்.