கறுப்புக் கண்ணாடிக்கு யாருக்கு விலக்கு? உள்துறைச் செயலாளருக்கும் காவல்துறைத் தலைவருக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் உள்துறைச் செயலாளர் அவர்களுக்கும் காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும் வணக்கம்.

சென்னையில் கார் கண்ணாடிகளுக்கு சன் பிலிம் ஒட்டுவதும் உரிப்பதும் என் தொழில். 2012 வரைக்கும் ஒட்டுகிற வேலைதான் அதிகம். அந்த ஆண்டு உச்ச நீதிமன்றம் கறுப்பு பிலிமுக்குத் தடை போட்டது. மே மாதத்துக்குப் பிறகு, ஒட்டியதை உரிக்கச் சொல்லி வண்டிகள் வரிசையில் நின்றன. கறுப்பு பிலிமை மறுபடி அனுமதியுங்கள் என்று கேட்க இந்த மடலை எழுதவில்லை. தடை நியாயமானது. கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் நம்மைப் பார்த்துவிட்டாரா இல்லையா என்று தெரியாமல் சாலையைக் கடக்கிற எவரும் அதைச் சொல்வார்கள். ஆனால் அந்தத் தடைக்கு வெளியே யார் நிற்கிறார்கள், எதற்காக நிற்கிறார்கள் என்பதை உங்கள் இருவரிடமும்தான் கேட்க முடியும். ஏனென்றால் விலக்கு கேட்டு வருபவர்களின் மனுவைப் பார்க்கும் குழுவில் உச்ச நீதிமன்றம் உட்கார வைத்தது உங்கள் இரண்டு பதவிகளையும்தான்.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-ஆவது விதி இதைச் சொல்கிறது. முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தை விட வேண்டும். பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதம். 2012 ஏப்ரல் 27 அன்று அவிஷேக் கோயங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் இறுக்கிப் பிடித்தது. எத்தனை சதவீத வெளிச்சம் விடுவதாக இருந்தாலும் சரி, கறுப்பு பிலிமோ வேறு எந்தப் பொருளோ கண்ணாடியின் மேல் ஒட்டக் கூடாது என்று நாடு முழுவதற்கும் தடை போட்டது. அபராதம் விதிப்பதோடு நிற்காமல் பிலிமை அகற்றவும் அதிகாரிகளுக்குச் சொன்னது.

விலக்கைப் பற்றி அந்தத் தீர்ப்பு சொன்னது மிகக் குறைவு. இசட், இசட் பிளஸ் என்கிற உயர்நிலைப் பாதுகாப்பு பெற்றவர்களின் மனுக்களை மட்டும் ஒரு குழு பரிசீலிக்கலாம். காவல்துறைத் தலைவர் அல்லது ஆணையர், கூடவே உள்துறைச் செயலாளர், இவர்கள்தான் குழு. சான்று தருவதானாலும் அவர்களுடைய அலுவல் காருக்கு மட்டுமே தரலாம். அரசு வண்டி என்பதற்காக விலக்கு என்று ஒரு வரிகூட அதில் கிடையாது. இலாகா ஜீப்புக்கு இல்லை, வாரியத் தலைவர் வண்டிக்கு இல்லை, உள்ளாட்சிப் பிரதிநிதியின் சொந்தக் காருக்கு நிச்சயம் இல்லை.

சாலையில் நடப்பதோ வேறு. நம்பர் பலகையில் ஜி எழுத்து இருந்தால், முன் கண்ணாடியில் ஒரு துறையின் பெயர் ஒட்டியிருந்தால், கட்சிக் கொடி பறந்தால், அந்த வண்டியின் கண்ணாடியை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. என்னிடமே ஓட்டுநர்கள் வந்து "ஐயா வண்டிண்ணே, ஒண்ணும் ஆகாது, டார்க்காவே போட்டு விடுங்க" என்பார்கள். சான்று இருந்தால் காட்டுங்கள் என்று கேட்டால் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மேலே உட்கார்ந்திருப்பவர் சொன்னதைச் செய்கிறார்கள், அவ்வளவுதான். பிலிம் ஒட்ட முடியாதவர்கள் திரைச்சீலை மாட்டுகிறார்கள், வலைத்தடுப்பு வைக்கிறார்கள். கண்ணாடியில் ஒட்டியதைத்தானே நீதிமன்றம் தடுத்தது என்று வாதம் வேறு. வெளியிலிருந்து உள்ளே தெரியாது, ஓட்டுபவருக்குப் பக்கவாட்டில் வருகிற சைக்கிள் தெரியாது என்கிற இரண்டு விஷயத்திலும் திரைக்கும் பிலிமுக்கும் என்ன வித்தியாசம்?

2012 டிசம்பர் 16 அன்று டெல்லியில் நிர்பயாவுக்கு அந்தப் பாலியல் கொடுமை நடந்த பேருந்துக்கும் கறுப்புக் கண்ணாடியும் திரையும் இருந்தன. தீர்ப்பு வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. தடை காகிதத்தில் இருந்தது, பேருந்து தலைநகரத்துச் சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் அப்படிப்பட்ட பேருந்துகளைப் பறிமுதல் செய்வோம் என்று மத்திய அரசு அறிவித்தது. இந்தச் சட்டத்தை யாருக்காகவும் தளர்த்தக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

சிவப்பு விளக்கை நினைத்துப் பாருங்கள். பதவியில் இருப்பவர்களின் காரிலிருந்து அதை 2017 மே 1 முதல் எடுத்தார்கள். ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி போன்ற அவசர வாகனங்களுக்குத்தான் சுழல் விளக்கு என்று ஆனது. விளக்கு அந்த வண்டி செய்கிற வேலைக்கு உரியது, உள்ளே இருப்பவரின் பதவிக்கு உரியது அல்ல என்று அன்றைக்குத் தெளிவாயிற்று. கண்ணாடிக்கும் அதே அளவுகோலை வைக்கத்தான் கேட்கிறேன். புளோரிடா மாநிலத்துச் சட்டத்தில் எல்லாப் போலீஸ் வண்டிக்கும் விலக்கு என்று எழுதவில்லை. அடையாளம் மறைத்து வேலை செய்யும் வண்டிக்கும் மோப்ப நாய் ஏற்றிச் செல்லும் வண்டிக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். நம் ஊரிலும் ரகசியக் கண்காணிப்புக்குப் போகிற வண்டிக்கு இருண்ட கண்ணாடி தேவைப்படலாம். தேவைப்பட்டால் அதை விதியாக எழுதுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தீர்ப்பே அரசு விதிமுறை வகுக்கலாம் என்று இடம் கொடுத்திருக்கிறது. எழுதாமல் கண்டும் காணாமல் விடுவதுதான் கெடுதல்.

சரி, சாதாரண வண்டிக்காரர் பக்கம் வருகிறேன். அவருக்கு இப்போது எது சட்டம் என்றே தெரியவில்லை. 2021 ஏப்ரல் முதல் 100-ஆவது விதியில் பாதுகாப்புக் கண்ணாடியோடு 'சேஃப்டி கிளேசிங்' என்பதும், அதாவது வெறும் கண்ணாடி மட்டும் அல்லாத பாதுகாப்பு வகைகளும், சேர்ந்தது. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2553-இன் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் உட்புறம் பிளாஸ்டிக் படலம் ஒட்டிய கண்ணாடியையும் ஏற்கிறது. இதை வைத்து 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், 70-க்கும் 50-க்கும் குறையாமல் வெளிச்சம் விட்டால் அப்படிப்பட்ட படலத்துக்கு அபராதம் போட முடியாது என்று சொல்லிவிட்டது. அப்புறம் என் கடைக்கு வருகிற பாதிப் பேர் "கேரளாவுல ஓகே ஆயிடுச்சாமே" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். தமிழ்நாட்டில் என்ன நிலை? சோதனைச் சாவடியில் நிற்கும் காவலர் ஒருவர் ஒன்று சொல்கிறார், அடுத்த சாவடியில் இருப்பவர் வேறு சொல்கிறார்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. அதை வாடிக்கையாளர்களுக்கு விளக்கியே என் தொண்டை வறண்டுவிட்டது. பிலிம் டப்பாவில் போட்டிருக்கும் சதவீதம் பிலிமுடையது மட்டும். கண்ணாடியும் தன் பங்குக்குக் கொஞ்சம் வெளிச்சத்தைக் குடிக்கும். பக்கக் கண்ணாடி 70 சதவீதம் விடுகிறது, அதில் 70 சதவீத பிலிம் ஒட்டினால் இரண்டையும் பெருக்க வேண்டும்: 49. பார்க்க வெள்ளையாகத்தான் தெரியும், ஆனால் சட்டப்படி குறைவு. முன் கண்ணாடியே 75 சதவீதம்தான் விடுகிறது என்றால் 94 சதவீதத்துக்குக் குறைந்த எந்த பிலிமும் கணக்கில் தோற்கும். '50 பெர்சென்ட் பிலிம், லீகல்' என்று சொல்லி விற்பது ஏமாற்று வேலை. ஒட்டியபிறகு அது ஏறக்குறைய 35-இல் வந்து நிற்கும். அதே சமயம், வெறும் கண்ணால் பார்த்து 'கறுப்பாத் தெரியுது' என்று அபராதம் போடுவதும் நியாயம் இல்லை. அளக்கிறதுக்குக் கையில் பிடிக்கிற சின்ன மீட்டர் இருக்கிறது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றும் வைத்தால் எண் வந்துவிடும். ஒவ்வொரு சோதனைக் குழுவுக்கும் அதைக் கொடுங்கள். அளந்த எண்ணை ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.

நடுரோட்டில் வெயிலில் கையால் பிலிமைக் கிழிப்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள். பின் கண்ணாடியில் பனியை நீக்கும் மெல்லிய கம்பிக் கோடுகள் இருக்கும். பிளேடு பட்டால் கோடு அறுந்துபோகும், அதைச் சரிசெய்வது பாடு. பசையும் பாதிக் கண்ணாடியில் அப்படியே நிற்கும், ராத்திரியில் எதிரே வருகிற விளக்கு அதில் சிதறி ஓட்டுபவருக்குக் கண் கூசும். இரண்டு நாள் அவகாசம் கொடுத்து, அகற்றிவிட்டு வந்து காட்டச் சொன்னால் போதும். சோப்புத் தண்ணீரும் ஹீட் கன்னும் வைத்து நிதானமாக உரித்துவிடலாம்.

வெயிலுக்குத்தானே ஒட்டுகிறோம் என்பவர்களையும் நான் தள்ளிவிட மாட்டேன். சித்திரை வெயிலில் இரண்டு மணிக்கு நிறுத்தி வைத்த காரில் குழந்தையோடு ஏறியவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். ஆனால் சூரியனின் வெப்பத்தில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரில் வருகிறது. அதைத் தடுக்க கறுப்பு தேவையே இல்லை. கிட்டத்தட்ட நிறமே இல்லாத பிலிம்கள் அந்த வேலையைச் செய்கின்றன. விலை கூடுதல், உண்மைதான். எது செல்லும் என்று அரசு ஒரு சுற்றறிக்கையில் தெளிவாகச் சொன்னால் மக்கள் அதைத் தேடி வாங்குவார்கள், கடைக்காரர்களும் அதையே வைப்பார்கள்.

உண்மையிலேயே விலக்கு தேவைப்படுகிறவர்கள் வேறு சிலர் இருக்கிறார்கள், அவர்கள் யாருடைய கணக்கிலும் வருவதில்லை. வெயில் ஒத்துக்கொள்ளாத லூபஸ் நோயாளிகள், வெயில் பட்டாலே தோல் புண்ணாகிற ஜெரோடெர்மா பிக்மென்டோசம் உள்ள குழந்தைகள். முன் கண்ணாடி இரண்டு அடுக்காக, நடுவில் படலம் வைத்துச் செய்தது என்பதால் புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். பக்கக் கண்ணாடி பொதுவாக ஒரே அடுக்கு. புற ஊதாக் கதிரில் ஒரு பகுதி உள்ளே வரும். நான் சொன்ன அதே புளோரிடாவில் மருத்துவர் சான்று காட்டினால் இவர்களுக்கு அனுமதி உண்டு. நம் 100-ஆவது விதியில் நோயாளிகளுக்கென்று வழியே இல்லை. பதவியில் இருப்பவருக்குத் தானாகக் கிடைக்கிற சலுகை, தோல் வெந்துபோகிற குழந்தைக்கு மனு போட்டும் கிடைக்காது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. விதியை மாற்றுவது மத்திய அரசின் கையில் இருக்கலாம். மாநிலத்திலிருந்து ஒரு பரிந்துரை போகலாமே.

படகுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதையும் கடையில் கேட்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு, சாலையில் ஓடுவதற்கேற்ப அமைந்த வண்டியைத்தான் மோட்டார் வாகனம் என்கிறது. எனவே படகுக்கு 70, 50 கணக்கு பொருந்தாது. தண்ணீரில் பட்டுத் திரும்புகிற வெயில் கண்ணைப் பறிக்கும், பயணிகள் அறைக்கு பிலிம் கேட்பது புரிகிறது. ஆனால் ஓட்டுபவர் நிற்கும் வீல் ஹவுஸ் கண்ணாடிக்கும் கறுப்பு கேட்கிறார்கள். கார் சட்டம் தொடவில்லை என்பதால் ஆபத்து இல்லாமல் போய்விடாது. கடலில் மோதலைத் தவிர்க்கும் 1972-ஆம் ஆண்டு சர்வதேச விதிகளின் 5-ஆவது விதி, கண்ணாலும் காதாலும் எப்போதும் கவனிப்பு வேண்டும் என்கிறது. 1998 ஜூலைக்குப் பிறகு கட்டப்பட்ட, 55 மீட்டருக்குக் குறையாத கப்பல்களின் ஓட்டும் தளத்தில் நிறம் ஏற்றிய கண்ணாடியே போடக் கூடாது என்று கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸ் சொல்கிறது. பெரிய கப்பலுக்கு உள்ள இந்தக் கட்டாயம் சின்ன விசைப்படகுக்கும் சுற்றுலாப் படகுக்கும் இல்லை. இருட்டில் விளக்கில்லாத கட்டுமரம் எதிரே வரக்கூடிய நம் கடற்கரையில் இது பெரிய குறை. கடலோரப் பாதுகாப்புக் குழுமம் காவல்துறைத் தலைவரின் கீழ்தான் வருகிறது. படகு ஓட்டுபவரின் கண்ணாடி நிறமில்லாமல் இருக்க வேண்டும் என்று படகுகளுக்குச் சான்று தரும் துறைக்கு உங்கள் தரப்பிலிருந்து எழுதுங்கள்.

உங்களிடம் முதலில் எதிர்பார்ப்பது ஒன்றுதான். இன்றைய தேதியில் தமிழ்நாட்டில் எத்தனை கார்களுக்கு உங்கள் குழு விலக்குச் சான்று கொடுத்திருக்கிறது என்ற எண்ணிக்கையை வெளியிடுங்கள். பெயரும் வண்டி எண்ணும் வேண்டாம், அது பாதுகாப்பு விஷயம். எண்ணிக்கை மட்டும். பிறகு தலைமைச் செயலக வாசலிலும் ஆணையர் அலுவலக வாசலிலும் மீட்டரோடு ஒரு குழுவை நிறுத்தி, சான்று இல்லாத அரசு வண்டிகளுக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-ஆம் பிரிவில் அதே 500 ரூபாயை விதியுங்கள். இரண்டாம் முறை சிக்கினால் 1,500. அந்த வண்டிகளின் பிலிமைக் கூலி வாங்காமல் உரித்துத் தர நான் தயார். எங்கே, எப்போது வர வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சன் பிலிம் ஒட்டும் தொழிலாளி ஒருவர்,
சென்னை