ஒரே கையை நீட்டும் குழந்தைகள்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார், கூட்டக் குறிப்புகள் பதிவேட்டில் இருக்கின்றன, அதனால் இந்த ஆண்டு நம் நேரத்தையெல்லாம் எடுத்துக்கொண்ட விஷயத்துக்கு நேராக வருகிறேன். கைக்குழந்தைகளின் கை.

நம் முகாமுக்கு ஏழு மாதக் குழந்தை ஒன்று வந்தது. கிலுகிலுப்பையை வலது பக்கம் காட்டினாலும் உடம்பைத் திருப்பி இடது கையால்தான் எடுத்தது. வலது கை, கட்டைவிரலை உள்ளே வைத்து மூடியே இருந்தது. "இடது கைப் பழக்கம் போல, அவங்க தாத்தாவும் அப்படித்தான்" என்றார் அம்மா. பல வீடுகளில் இதையேதான் சொல்கிறார்கள், மாதங்கள் போய்விடுகின்றன. ஒரு வயதுக்குள் குழந்தை இரண்டு கையையும் ஏறக்குறைய சமமாகத்தான் பயன்படுத்தும். அதற்கு முன்பே ஒரு கையை விட்டுவிட்டு மற்றதையே நீட்டினால், விட்ட கைக்கு என்ன என்று பார்த்தே ஆக வேண்டும். பிரசவத்தில் தோள் நரம்பு இழுபட்டிருக்கலாம். அல்லது பிறக்கும் சமயத்தை ஒட்டி மூளையின் ஒரு பக்கத்தில் பக்கவாதம் வந்திருக்கலாம், இது பிறந்தவுடன் வெளியே தெரியாமலே இருந்து, குழந்தை பொருளை எட்டிப் பிடிக்கத் தொடங்கும் 4 முதல் 6 மாதத்தில்தான் பல நேரம் கண்ணில் படுகிறது.

காத்திருக்கக் கூடாது என்று நாம் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் மாதங்களில் மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் இணைப்புகள் பயன்பாட்டை வைத்தே நிலைக்கின்றன. அசையாத கைக்கான இணைப்பு இடத்தை இழந்துகொண்டே போகும்.

பரிசோதனையும் கஷ்டமானது இல்லை. குழந்தையின் அசைவையும் நரம்பு மண்டலத்தையும் பார்க்கும் ஹேமர்ஸ்மித் பரிசோதனை 2 முதல் 24 மாதக் குழந்தைகளுக்கானது, 26 அம்சங்கள், மொத்தம் 78 மதிப்பெண், வலது இடது வித்தியாசத்தையும் தனியே குறித்துக்கொள்வார்கள், பழகியவருக்குச் சில நிமிடம் போதும். 3 முதல் 5 மாதத்தில் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, தானாக ஆடும் அசைவை வீடியோ எடுத்துப் பயிற்சி பெற்றவரிடம் காட்டும் முறையும் உண்டு. மூளை முடக்குவாதத்தை, அதாவது சிறு வயதிலேயே மூளை பாதிக்கப்பட்டு அசைவு தடைப்படும் நிலையை, 6 மாதத்துக்கு முன்பே கண்டுபிடிக்க முடியும் என்று 2017இல் பன்னாட்டு நிபுணர்கள் எழுதிவிட்டார்கள். இன்னும் "ரெண்டு வயசு ஆகட்டும், பார்ப்போம்" என்று பெற்றோரைத் திருப்பி அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நம் தவறு ஒன்றையும் பதிவு செய்கிறேன். எந்த மாதத்தில் குழந்தை என்ன செய்ய வேண்டும் என்று பார்க்க நாம் முதலில் அச்சடித்த அட்டையில் பிறந்த தேதியை வைத்தே மாதத்தைக் கணக்கிட்டோம். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தை ஆறு மாதத்தில் நான்கு மாதக் குழந்தைக்கு உரியதைத்தான் செய்யும், அதைப் பின்தங்கியது என்று குறித்ததால் சில பெற்றோர் வீணாகக் கலங்கினார்கள். அவர்களிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம், புது அட்டையில் பிரசவத்துக்குக் குறித்திருந்த தேதியைத்தான் முதலில் கேட்கிறோம்.

அப்புறம் அந்த ஏழு மாதக் குழந்தை. ஸ்கேனில் காரணம் தெரிந்தது. தெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபடி, தினமும் கொஞ்ச நேரம் நல்ல கைக்குச் சின்ன உறை மாட்டி வலது கையோடு விளையாடுகிறார்கள். போன மாதம் பெரிய பந்து ஒன்றை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தது. வலது கை இன்னும் மெதுவாகத்தான் வருகிறது.

வரும் ஆண்டில் பரிசோதனை முடிந்தபின் வீடு தேடிப் போய்த் தொடர்ந்து விசாரிக்க ஆட்கள் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.