பிஸ்கட் டின்

ஆயர் ஈத்தாம், பினாங்கு,
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி வழக்கம்போல. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். ஃபோனில் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லியே என் வாயை அடைத்துவிடுகிறாய். கடிதத்தில் அது முடியாது.

நீ அனுப்பிய மூன்று விளம்பரங்களையும் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தேன். கையில் 2,800 வெள்ளி இருக்கிறது, சனி ஞாயிறில் கல்யாணம் எடுக்கப் போகிறேன், சும்மா கைச்செலவுக்கு என்றாய். சரி. கைச்செலவுக்கு 2,800 வெள்ளி கொஞ்சம் பெரிய முதல்தான். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

புதுக் கேமரா வேண்டாம். அந்த முதல் விளம்பரத்தில் இருப்பது பளபளவென்று நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூடவே கொடுக்கிற லென்ஸைப் பார்த்தாயா? தூரத்தை இழுக்க இழுக்க அதன் கண் சுருங்கிக்கொண்டே போய் எஃப் 5.6-இல் நிற்கும். எண் பெரிதானால் கண் சின்னது. நீ எடுக்கப் போவது கடற்கரையில் இல்லை. கோயில் மண்டபத்தில், ஓமப்புகைக்கு நடுவே, நாலு டியூப் லைட்டின் கீழே. அங்கே எஃப் 2.8 லென்ஸ் அதைவிட நான்கு பங்கு வெளிச்சம் வாங்கும். நான்கு பங்கு, தம்பி. கேமராப் பெட்டிக்குப் போடும் காசை லென்ஸுக்குப் போடு. பெட்டியை இரண்டு வருஷத்தில் மாற்றிவிடுவாய், நல்ல லென்ஸ் உன்னோடேயே இருக்கும்.

பதினேழு வருஷம் ஊரார் வீட்டுக் கல்யாணப் படங்களைக் கழுவி, ஃபோர்-ஆர் அளவில் போட்டு, உறையில் இட்டுக் கொடுத்தவள் சொல்கிறேன். தைப்பூசம் முடிந்த மறுநாள் எங்கள் கவுண்டரில் நிற்க இடம் இருக்காது. சுருளைக் கழுவி எடுத்துப் பார்த்தால் முக்கால்வாசி ஒரே படம்தான்: வெள்ளி ரதம் வரும், நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு, சுற்றிலும் இருட்டு. பக்கத்தில் நின்றவர்கள் அடித்த ஃபிளாஷ் வெள்ளியில் பட்டு அப்படியே திரும்பியிருக்கும். தள்ளி நின்றவர்களின் ஃபிளாஷ் ரதம் வரைக்கும் போயே சேர்ந்திருக்காது, முன்னால் நின்றவர் பிடரி மட்டும் நன்றாக விழுந்திருக்கும். முருகனை ஒருவர் படத்திலும் காணோம். "மெஷின் சரியில்லையா?" என்று எங்களைக் கேட்பார்கள். மெஷின் என்ன செய்யும், கேமராவின் கண் சின்னதாக இருந்தால்? ஃபிளாஷை நம்பாதே என்று சொல்லத்தான் இவ்வளவும். தாலி கட்டும் நேரத்தில் பொண்ணு மாப்பிள்ளை முகத்துக்கு நேரே வெட்டினாயானால் பெரியவர்களும் திட்டுவார்கள்.

மூன்றாவது விளம்பரம்தான் எனக்குப் பிடித்தது. அந்த நிக்கான் டி7200. 2015-இல் வந்தது, பழசுதான். எல்லாரும் மிரர்லெஸ் என்கிற புது வகைக்குப் போவதால்தான் 1,600 வெள்ளிக்குக் கிடைக்கிறது, நமக்கு அது லாபம். அதில் இரண்டு மெமரி கார்டு போடலாம், ஒரே படத்தை இரண்டிலும் எழுதும். நீ காட்டிய மற்ற இரண்டிலும் ஒரு கார்டுக்குத்தான் இடம். இது பெரிய விஷயம். நான் கடையில் சேர்ந்த இரண்டாம் வருஷம், மருந்துக்குள் சுருள் ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய்விட்டது. மூன்றேகால் நிமிஷம் இருக்க வேண்டியது அதிலேயே கிடந்து கருத்துப்போனது. ஒரு கல்யாணத்தின் இரண்டு சுருள்கள். தாலி கட்டியது அதற்குள்தான் இருந்தது. பொண்ணோட அம்மா வந்தார். சத்தம் போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "ஒண்ணுகூட வரலையா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடியும் கேட்டார். முதலாளி பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், அதை அவர் எடுத்துக்கொள்ளவே இல்லை. அதனால் இரண்டு கார்டு. முதல் ஐந்தாறு கல்யாணத்துக்கு வேறு ஒருவருக்குத் துணையாகப் போ, தனியாகப் பொறுப்பெடுக்காதே.

அந்தப் பெட்டிக்குள் ஃபோகஸ் மோட்டார் இருக்கிறது, பழைய லென்ஸ்களும் தானாக ஃபோகஸ் ஆகும். விலை குறைந்த நிக்கானில் அது கிடையாது. டேம்ரன் 17-50 எஃப் 2.8 லென்ஸ் பழசு தேடு. ஃபிலிம் கேமராவோடு ஒப்பிட்டால் அந்தப் பெட்டியில் ஒன்றரையால் பெருக்கிக் கணக்குப் போட வேண்டும், அதனால் 17 என்பது சுமார் 26 மாதிரி, 50 என்பது 75 மாதிரி. மண்டபம் முழுசும் எடுக்கலாம், பொண்ணு முகமும் எடுக்கலாம், லென்ஸ் மாற்ற வேண்டாம். 50 எஃப் 1.8 மலிவு என்று எல்லாரும் சொல்வார்கள். முகத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் ஃபிளாட் வீட்டு ஹாலில் நலங்கு எடுக்க நீ பின்னால் போய்ப் போய் அடுப்பங்கரையில்தான் நிற்பாய். அது அப்புறம்.

வாங்கும் முன் லென்ஸை டார்ச் அடித்துப் பார். பின்பக்கம் வெளிச்சத்தைக் காட்டி முன்பக்கமாக உள்ளே பார்க்க வேண்டும். தூசி இருந்தால் பரவாயில்லை. சிலந்தி நூல் மாதிரி ஓடியிருந்தால் அது பூஞ்சை, தொடாதே, எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அது வராத வீடு இல்லை. புடு பக்கம் கடைகளில் நேரிலேயே பார்த்து வாங்கு. ஒரு பேப்பரைச் சாய்த்து வைத்து நடு வரியில் ஃபோகஸ் பிடித்து எடுத்துப் பார், எந்த வரி தெளிவாக விழுந்தது என்று தெரியும். பெட்டியில் எடுத்த ஒரு படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டால் எத்தனை தடவை அடித்திருக்கிறார்கள் என்ற எண் வரும். அதற்கு ஒன்றரை லட்சம் வரை தாங்கும் என்று கம்பெனிக் கணக்கு. ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தால் விலை பேசு.

இன்னொன்று. டியூப் லைட்டின் கீழே ஷட்டர் வேகத்தைக் கூட்டி வைத்தால் ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும். விளக்கு நொடிக்கு நூறு தடவை ஏறி இறங்குகிறது, நம் கண்ணுக்குத்தான் தெரியாது. ஷட்டரை நொடியில் நூறில் ஒரு பங்கு, இல்லையென்றால் ஐம்பதில் ஒரு பங்கு வைத்துக்கொள்.

தவணையில் வாங்காதே. ஃபோனிலேயே மூன்று மாதம், ஆறு மாதம் என்று பிரித்துக் கொடுக்கிறார்களாம், அக்கா சொன்னாள். வேண்டாம். அந்த ஈபிஎஃப் சேமநிதியில் 2024-இல் மூன்றாவது கணக்கு ஒன்று திறந்துவிட்டார்களே, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று, அதிலும் கை வைக்காதே. ஏற்கெனவே வைத்திருந்தால் சரி, இனி வைக்காதே. மாதச் சம்பளம் வருகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு?

தைப்பிங் சின்னம்மா மகன் போன மாதம் கோலாலம்பூர் வந்தானாம். உன்னை பிரிக்ஃபீல்ட்ஸில் பார்த்தானாம், புதன்கிழமை பதினொரு மணிக்கு. செருப்புப் போட்டுக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தாயாம். சின்னம்மா ஃபோன் போட்டு ஒரு மாதிரி இழுத்தாள். "அவன் லீவு எடுத்திருப்பான், லீவு நிறைய சேர்ந்து கிடக்குன்னு சொன்னான்" என்று நானே சொல்லி வைத்துவிட்டேன். அவளுக்கு அவ்வளவு போதும். பெரியப்பா வீட்டு விஷயத்தை ஊரெல்லாம் கொண்டுபோனது யார் என்று உனக்கே தெரியும்.

கேமரா உனக்கு ஒத்துவராது என்று நான் சொல்லவே இல்லை. அக்கா மகளுக்குக் காது குத்தும்போது ஃபோனில் ஒன்று எடுத்தாயே, ஆசாரி கை வருவதற்கு முன்னால், பிள்ளை வாயில் வாழைப்பழத்தோடு அண்ணாந்து பார்க்கிற படம். அழுகிற படம் எல்லாரும் எடுத்தார்கள். அழப் போகிற படம் நீ ஒருத்தன்தான் எடுத்தாய். பதினேழு வருஷத்தில் அந்த மாதிரி நான் கையில் வாங்கியது பத்து இருக்குமா என்பது சந்தேகம். அன்றைக்குப் போனவன் தீபாவளிக்குத்தான் வீட்டுப் பக்கம் வந்தாய். அதுவும் ஒரே ராத்திரி. முறுக்குகூட எடுத்துக்கொண்டு போகவில்லை, மேசையிலேயே கிடந்தது.

சரி, எதற்காக உட்கார்ந்தேனோ அதை எழுதுகிறேன்.

வியாழக்கிழமை சாப்பிடும்போது, தம்பி கேமரா வாங்கப் போகிறான் என்று அப்பாவிடம் சொன்னேன். "இதையாவது தொலைக்காம வச்சிக்கச் சொல்லு" என்று சிரித்தார். நீ வரும்போதெல்லாம் சொல்கிற அதே வேடிக்கைதான். நீயும் சிரித்துவிட்டுப் போவாய். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பாவின் அந்த எஃப்எம்2 கேமராவை நீ தொலைக்கவில்லை, தம்பி. நான் விற்றேன்.

2006-ஆம் வருஷம். நீ ஐந்தாம் வகுப்பு. நான் அப்போது பன்னிரண்டு பேரைச் சேர்த்துக் கூட்டு, அதான் சீட்டு, பிடித்துக்கொண்டிருந்தேன், ஆளுக்கு மாதம் நூறு வெள்ளி, மாதம் ஒருத்தர் மொத்தத்தையும் எடுப்பார். நாலாவது மாதம் எடுத்தவள் காசோடு ஜொகூர் பக்கம் போய்விட்டாள். தலைவி நான், அடுத்தவர்களுக்கு நான்தான் கட்ட வேண்டும். அப்பாவுக்கு நான் கூட்டுப் பிடிப்பதே தெரியாது. நீ பள்ளி விளையாட்டுப் போட்டிக்குக் கேமராவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனது சனிக்கிழமை. பத்திரமாகக் கொண்டுவந்து, பச்சை பீரோவில் அந்தச் சதுர பிஸ்கட் டின்னுக்குள், அப்பா வறுத்துத் துணியில் கட்டிப் போட்டிருந்த அரிசி மூட்டையோடு வைத்து மூடினாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். திங்கட்கிழமை சாப்பாட்டுப் பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோய்விட்டேன். முதலாளி 480 வெள்ளி கொடுத்தார்.

ஒன்பது நாள் அது என் முதுகுக்குப் பின்னாலேயே கண்ணாடி அலமாரியில் இருந்தது. நீ பள்ளி விட்டு நேரே கடைக்குத்தானே வருவாய். நீ வரும் நேரத்துக்கு அதன் முன்னால் பில் புத்தகத்தை நிமிர்த்தி வைப்பேன். நீ ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாய். ஒன்பதாம் நாள் ஒரு வெள்ளைக்காரர் வாங்கிக்கொண்டு போனார். பில் எழுதியது நான்தான்.

அதற்குள் அப்பா பீரோவைத் திறந்து பார்த்துவிட்டார். "டின்னுலதான்ப்பா வச்சேன்" என்றாய். அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாய். அப்பா பெல்ட்டை எடுத்தபோது நீ அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய். நான் அடுப்பை அணைக்கப் போவது போல உள்ளே போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம் என்று இத்தனை வருஷம் போய்விட்டது. அன்றைக்கே அப்பாவிடம் காசு போய்விட்டது என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார்? திட்டியிருப்பார். இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பார். அவ்வளவுதான். அப்போது அது எனக்கு அவ்வளவுதான் என்று தெரியவில்லை. கடைசியில் உனக்கும் அந்தச் சந்தேகம் வந்துவிட்டதோ என்னவோ. ஆறாம் வகுப்பில் ஒரு நாள், "நான்தான் எங்கயாவது விட்டுட்டேன் போலம்மா" என்றாய். அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில். சொல்லத்தான் வேண்டும்.

உன் கணக்கில் 1,000 வெள்ளி போட்டிருக்கிறேன். 480-க்கு வட்டி என்று வைத்துக்கொள். பயப்படாதே, கூட்டுக் காசு இல்லை, முறுக்கு விற்ற காசு. லென்ஸுக்குத்தான். வாடகைக்கு வேண்டியிருந்தால் வாடகைக்கு எடுத்துக்கொள், லென்ஸ் எங்கே என்று நான் கேட்க மாட்டேன். அக்காவுக்குத் தெரிய வேண்டாம்.

வாங்கிய பிறகு இரண்டையும் பைக்குள்ளேயே போட்டு வைக்காதே. ட்ரை பாக்ஸ் வாங்கக் காசில்லை என்றால் மூடி இறுகுகிற டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் போட்டு வை. நீலமணி இளஞ்சிவப்பாகிவிட்டால் ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம், வறுத்தால் மறுபடி நீலமாகும். அந்த பிஸ்கட் டின்கூட இன்னும் இருக்கிறது. அப்பா அதில் ஆணியும் திருகும் போட்டு வைத்திருக்கிறார்.

இந்த மாதம் ஏதாவது ஒரு நாள் வா. வார நாள் என்றாலும் பரவாயில்லை.

யாருக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறாய் என்று அப்பா இப்போதுதான் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். தைப்பிங் சின்னம்மாவுக்கு என்று சொல்லிவிட்டேன்.

டார்ச் மறக்காதே.

அன்புடன்,
அம்மா