மூன்றாம் நாள் எடுத்த ஒரு சொட்டு இரத்தம்: எங்கள் குடும்பத்தின் நன்றி மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஆய்வகப் பணியாளர்களுக்கும்,

எங்கள் மகளுக்குச் சென்ற வாரம் மூன்று வயது நிறைந்தது. அன்று அவளைச் சோதித்த மருத்துவர், பேச்சும் நடையும் புரிதலும் வயதுக்கேற்ப இருப்பதாகக் கூறினார். வெளியே வந்ததும் நானும் என் கணவரும் பேசிக்கொண்டது உங்களைப் பற்றித்தான். நேரில் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

பிறந்தபோது அவளிடம் ஒரு குறையும் தெரியவில்லை. அதிகம் அழாமல் நெடுநேரம் உறங்கியதால், பார்க்க வந்தவர்களெல்லாம் "சமத்துப் பிள்ளை" என்று மெச்சினார்கள், நானும் பெருமைப்பட்டேன். அவளுக்கு இருந்தது பிறவித் தைராய்டு குறைபாடு, அதாவது தைராய்டு சுரப்பி பிறப்பிலேயே போதிய ஹார்மோனைச் சுரக்காத நிலை. அது பல குழந்தைகளிடம் இப்படித்தான் மறைந்திருக்கும் என்பதும், கருவிலிருக்கும்போது தாயின் ஹார்மோன் ஓரளவு சென்று சேர்வதால் பிறந்த சில நாட்களில் வெளிப்படையாக எதுவும் தென்படாது என்பதும், அறிகுறிகள் தெரியும்வரை காத்திருந்தால் அதற்குள் மூளை வளர்ச்சி பாதிக்கப்பட்டிருக்கும் என்பதும் பின்னர்தான் எனக்குத் தெரிந்தன.

மூன்றாம் நாள் காலை என் மகளின் குதிகாலின் ஓரத்தில் குத்தி, வட்டங்கள் அச்சிட்ட வடிதாள் அட்டையில் இரத்தத்தை நிரப்பிய சிஸ்டருக்கு என் முதல் நன்றி. பிள்ளை வீரிட்டதும், "முதல் நாளே எடுத்திருக்கக் கூடாதா, இப்போது எதற்கு?" என்று நான் கோபமாகக் கேட்டேன். அவர் முகம் கோணாமல், பிறந்தவுடன் டி.எஸ்.எச். எனும், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனின் அளவு எல்லாக் குழந்தைகளுக்கும் இயல்பாகவே ஏறி இறங்கும், அதனால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் முடிவை நம்பலாம் என்று விளக்கிவிட்டு, அட்டையை வெயில் படாத இடத்தில் தட்டையாக வைத்து உலர்த்தினார்.

எட்டாம் நாள், டி.எஸ்.எச். அதிகம் என்று முடிவு வந்தது. ஆனால் எங்களைப் பிடிக்க முடியவில்லை. மழையில் நனைந்து என் கணவரின் கைப்பேசி பழுதாகியிருந்தது. அட்டையில் இருந்ததோ சென்னை வில்லிவாக்கத்து முகவரி. நானும் பிள்ளையும் வியாசர்பாடியில் என் அம்மா வீட்டில் இருந்தோம். பிரசவத்துக்குத் தாய்வீடு செல்வது நம் வழக்கம். அதை அட்டையில் எழுத வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. கர்ப்பகாலத்தில் என்னைப் பதிவு செய்திருந்த நகர்ப்புற சுகாதார செவிலியர், பூட்டிய எங்கள் வீட்டின் பக்கத்து வீட்டில் விசாரித்து, ஐப்பசி மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கியிருந்த அந்த நாளில் சுற்றுவழியாக வந்து, முழங்கால்வரை நனைந்த புடவையோடு எங்கள் வாசலில் நின்றார். அம்மா கொடுத்த காபியைக்கூடக் குடிக்காமல், "முதலில் பிள்ளையைத் தூக்குங்கள்" என்றார். அவர் வராமல் போயிருந்தால் அந்த அட்டை வெறும் காகிதமாகவே இருந்திருக்கும்.

அன்றே உறுதிசெய்ய இரத்தக் குழாயிலிருந்து இரத்தம் எடுத்தார்கள். டி.எஸ்.எச். இயல்பைவிட மிக அதிகமாக, 100-ஐத் தாண்டியிருந்தது. மருந்து தொடங்க இரண்டு வாரம் கடக்கக் கூடாது என்பதற்காக ஆய்வகத்தில் இரவு தங்கி முடிவைத் தந்தவர்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது. பத்தாம் நாள் காலை, குறையும் ஹார்மோனை ஈடுசெய்யும் தைராக்ஸின் மாத்திரையைப் பொடித்து, சில சொட்டுத் தாய்ப்பாலில் குழைத்துப் பாலாடையில் புகட்டினோம்.

குழந்தைகள் நல மருத்துவருக்கு நான் பட்டிருக்கும் கடன் வேறு வகை. கிரகணத்தன்று வெளியே போனாயா என்று ஒருவரும், மாமன் மகனைக் கட்டியதால் வந்தது என்று வேறொருவரும் சொல்ல, நான் உள்ளுக்குள் நொறுங்கியிருந்தேன். மருத்துவர் ஸ்கேன் படத்தை என் மாமியார் முன்பே விரித்து, கழுத்துக்கு இறங்க வேண்டிய சுரப்பி நாக்கின் அடிப்பகுதியிலேயே தங்கிவிட்டதைக் காட்டினார். சுரப்பி தன் இடத்தில் இருந்தும் ஹார்மோனைச் சரியாகச் சுரக்காத வகையில்தான் பரம்பரையின் பங்கு அதிகம், இடம் மாறியிருக்கும் வகை பெரும்பாலும் அப்படி வருவதில்லை, தாய் செய்த எதனாலும் இது நேரவில்லை என்று பொறுமையாகச் சொன்னார். வாழ்நாள் முழுவதும் மாத்திரை தேவைப்படும் என்பதையும் மறைக்கவில்லை. அதன்பிறகு என் மாமியார் என்னிடம் ஒரு சொல்லும் கடிந்து பேசியதில்லை. இன்று இரும்புச்சத்து மருந்தும் கால்சியமும் தைராக்ஸினோடு சேர்ந்து போய்விடாமல் மணி பார்த்துக் கொடுப்பவரும் அவர்தான்; அவருக்கும் என் நன்றி.

இந்தச் சோதனை இன்னும் எல்லா மருத்துவமனைகளிலும் வழக்கமாக நடப்பதில்லை என்று அறியும்போது வருந்துகிறேன். இதை வாசிக்கும் கர்ப்பிணிகள் பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். குழந்தை பிறந்தபின் நீங்கள் தங்கப்போகும் வீட்டின் முகவரியையும் இன்னொருவரின் கைப்பேசி எண்ணையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

மழையில் வந்த அந்தச் செவிலியர் அம்மா பணி மாறுதலாகிச் சென்றுவிட்டதாகச் சொன்னார்கள். அம்மா, வரும் ஆண்டு உங்கள் பிள்ளை பள்ளியில் சேரப்போகிறாள். நாங்கள் வில்லிவாக்கத்தில் அதே வீட்டில்தான் இருக்கிறோம். அன்று குடிக்காமல் போன காபியைக் குடிக்க ஒருமுறை வாருங்கள்.

என்றும் நன்றியுடன்,
வில்லிவாக்கத்திலிருந்து ஒரு தாய்