எதிராளிக்குச் சொல்லிக்கொடுப்பவர்களையும் எழுதிவையுங்கள்

ஆர்க்டிக் குளிர்கால விளையாட்டுகளை நடத்தும் சர்வதேசக் குழுவினருக்கு,

வணக்கம். முதலில் வாழ்த்து. அலாஸ்கா, யூக்கான், நூனவுட், கிரீன்லாந்து, வட ஐரோப்பாவில் சாமி மக்கள் வாழும் சாப்மி என்று வடக்கின் பல மூலைகளிலிருந்து வந்து ஆடும் எல்லாப் பிள்ளைகளுக்கும், அவர்களைப் பழக்கிய பயிற்சியாளர்களுக்கும் மனமார்ந்த பாராட்டுகள். ஆர்க்டிக் பழங்குடிகளான இனுயிட் பெண்கள் தோல் உரிக்கவும் இறைச்சி வெட்டவும் வைத்திருக்கும் பிறை வடிவக் கத்திதான் உலு. அந்த வடிவத்திலேயே தங்கம், வெள்ளி, வெண்கலம் தருகிறீர்களே, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஜெயித்த பிள்ளை கழுத்தில் அணிவது அம்மா கையில் தினமும் பார்த்த பொருள்!

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது ஒற்றைக்கால் உயர உதைப் போட்டியில் நடப்பது. உயரத்தில் சீல் என்ற கடல்நாயின் தோலால் செய்த சின்னப் பந்து ஒன்று கயிற்றில் தொங்கும். இரண்டு கால்களையும் ஒன்றாக ஊன்றி எம்ப வேண்டும், ஒரு காலால் பந்தைத் தொட வேண்டும், தொட்ட அதே காலில் தடுமாறாமல் இறங்கி நிற்க வேண்டும். ஒவ்வோர் உயரத்துக்கும் மூன்று வாய்ப்பு. இரண்டு தவறிப்போனால், போட்டியில் இருக்கும் இன்னொருவனே பக்கத்தில் வருகிறான். எங்கிருந்து எம்பலாம், பார்வை எங்கே இருக்கட்டும் என்று சொல்லிக்கொடுக்கிறான். மூன்றாவது முறை பந்து ஆடிவிட்டால் அவனும் சேர்ந்து கைதட்டுகிறான். அந்த உதையால் தன் தங்க உலு கைநழுவலாம் என்று தெரிந்தேதான்.

இதை வெறும் நாகரிகம் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு கால்களாலும் பந்தைத் தொடும் இரட்டைக்கால் உயர உதை என்ற இன்னொரு போட்டிக்கு ஒரு கதை சொல்வார்கள். வேட்டையிலிருந்து திரும்பும் தூதுவன், தூரத்தில் வரும்போதே இரு கால்களையும் சேர்த்து எம்பி உதைப்பானாம். திமிங்கிலம் கிடைத்துவிட்டது, எல்லோரும் வாருங்கள் என்று அர்த்தம். தனியாக ஒருவன் மட்டும் பலசாலியாக இருந்து பிழைக்க முடியாத நிலம் அது. பக்கத்தில் இருப்பவனின் காலும் கையும் உறுதியாக இருந்தால்தான் தனக்கும் சோறு.

1967-இல் கனடா குளிர்கால விளையாட்டுகளில் அந்நாட்டின் வடக்கு அணிகள் தோற்றுத் திரும்பிய பிறகுதான் வடக்குக்கென்று ஒரு களம் வேண்டும் என்ற எண்ணம் வந்தது. 1970-இல் வட கனடாவின் யெல்லோநைஃப் நகரில் முதல் ஆர்க்டிக் விளையாட்டுகள் நடந்தன. அந்தத் தோல்வியிலிருந்து இப்படியொரு விழாவை எடுத்துக் காட்டியவர்கள் நீங்கள். நேர்மைக்கும் அணி உணர்வுக்கும் என்றே ஹாட்ஜ்சன் கோப்பையையும் வைத்திருக்கிறீர்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். கோப்பை எந்த அணிக்கு என்பதோடு, அதைச் சம்பாதித்துக் கொடுத்த சம்பவங்களையும் எழுதிவையுங்கள். எந்தப் போட்டியில், யார், யாருக்குச் சொல்லிக்கொடுத்தார் என்று பெயரோடு, உலுக் கணக்கு வரும் அதே பக்கத்தில் போடுங்கள். உலு இல்லாமல் ஊர் திரும்பும் பிள்ளையும் அந்த வரியைத் தன் பாட்டியிடம் காட்டட்டும்.

அன்புடன்,
தூரத்திலிருந்து பார்க்கும் ஒரு ரசிகை